புறவாசலுக்கு வந்த கூகை

“அம்மா, எந்திரி. தொழுவத்துக்குள்ள பாம்பு சீறுதும்மா!”

ராத்திரி ஒண்ணரை மணிக்கு மகள் வந்து என்னை உலுக்கினாள். 2023 ஐப்பசி, தீபாவளிக்கு இன்னும் நாலு நாள்தான். ராஜபாளையத்தில் அந்த வாரம் விட்டு விட்டு மழை. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பேத்தி, காயாமல் மணத்துக் கிடக்கும் துணிகள், என் முட்டிவலி என்று வீடே கசங்கிப் போயிருந்த நேரம். இதில் பாம்பு வேறா!

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு பழைய ஓட்டுத் தொழுவம் உண்டு. மாடுகளை விற்றுப் பல வருஷமாகிறது. இப்போது தென்னை மட்டை, உடைந்த நாற்காலி, மாமனார் காலத்து மரப்பெட்டி எல்லாம் அங்கேதான் அடைக்கலம். என் வீட்டுக்காரர் ஒரு கையில் கம்பும் ஒரு கையில் டார்ச்சுமாகப் போனார். நான் வாசல்படியோடு நின்றுகொண்டேன்.

சத்தம் கீழே இல்லை, மேலே பரணில் இருந்து வந்தது. “ஷ்ஷ்ஷ்...” என்று இழுத்து இழுத்து. மூக்கடைத்தவர் குறட்டை விடுகிற மாதிரியும் இருந்தது. டார்ச்சை உயர்த்தினார். மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து நாலு முகங்கள் எட்டிப் பார்த்தன. பஞ்சை உருட்டி வைத்த மாதிரி உடம்பு. குரங்குக் குட்டிக்கும் கிழவிக்கும் நடுவில் ஒரு முகம். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் தலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல், காற்று மாதிரி போயிற்று. தென்னைமரத்து மட்டையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. வெள்ளை முகம், நடுவில் இரண்டு கறுப்புக் கண், வெற்றிலையைக் கத்தரித்து ஒட்டினாற்போல் வடிவம். பிறகு ஒரு கத்துக் கத்தியது பாருங்கள்! யாரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரி ஓர் அலறல். என் மகள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

விடிந்ததும் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பெரியம்மா காப்பிகூடக் குடிக்காமல் வந்து நின்றார்.

“சாக்குருவிம்மா அது! பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுல அதை வச்சுக்கிட்டா இருப்பாக? பட்சி தோஷம் பிடிச்சா பிள்ளை பச்சைப் பச்சையாப் போயி, இளைச்சு, கழுத்து துவண்டுரும். ஆள் அனுப்புறேன், கலைச்சுப் போட்டுரு.”

பெரியம்மா கெட்டவர் இல்லை. மகளுக்குப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தவர், பேத்திக்கு மசாஜ் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவர். நம் ஊர்ப்பக்கம் பட்சி தோஷம் என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தாய் யார்? பொழுது சாய்ந்த பிறகு குழந்தைத் துணி கொடியில் கிடந்தால், அதன் மேல் ஆந்தை பறந்தால், அந்த நிழல் பட்ட துணியைக் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். என் அம்மாவும் சொன்னாள், நானும் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் பெரியம்மா சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. “சரி, ஆளை அனுப்புங்க” என்று சொல்லியும் விட்டேன்.

தடுத்தது என் மகள்தான். ராத்திரிப் பால் கொடுக்கிறவளுக்கு உறக்கம் ஏது? முதல் இரண்டு நாள் பயந்தவள், மூன்றாம் நாள் ஜன்னல் கதவை விரலளவு திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் என்னிடம், “ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள ஆறு தடவை வந்துச்சும்மா. ஆறு தடவையும் வாயில எலி. அதுவும் என்னை மாதிரிதான், ராத்திரி முழுக்க உறக்கம் கிடையாது” என்றாள். சொல்லும்போது சிரித்தாள். பிரசவமானதிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. “தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று ஆளைத் திருப்பி அனுப்பினேன்.

எலி என்றதும்தான் எனக்கு உறைத்தது. அந்த மழையில் சாக்கடை நிரம்பி எலிகளெல்லாம் வீட்டுக்குள் குடிவந்திருந்தன. சேலைத் தொட்டிலுக்குக் கீழேயே ஒன்று ஓடியது. பெருச்சாளி புறவாசல் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தது. இவர் கடையிலிருந்து விஷக் கட்டி வாங்கிவந்து தொழுவத்தைச் சுற்றி வைத்திருந்தார்!

எங்களுக்குத் தெரிந்த விலங்கியல் ஆசிரியர் ஒருவர் தீபாவளி பட்சணத்தோடு வந்தவர், பரணை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அந்தக் கட்டிகளைத்தான். “இதை இன்னைக்கே எடுத்துருங்க” என்றார். இந்த வகை விஷம் தின்ற எலி உடனே சாவதில்லையாம். உள்ளுக்குள் ரத்தம் உறையாமல் கசிந்து, சில நாள் தள்ளாடித் திரிந்துவிட்டுத்தான் சாகும். தள்ளாடுகிற எலிதானே சுலபமாக அகப்படும்? அதைத் தாய்ப்பறவை பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டினால் விஷம் அங்கேயும் போகும். நம் வீட்டுத் தவழும் பிள்ளைகளுக்கும் அது ஆபத்துதான். குழாயில் வருகிற எலிப் பசையில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தவை இன்னும் மோசம், கல்லீரலையே தின்றுவிடும். அன்றே எல்லாவற்றையும் பொறுக்கிக் குழிதோண்டிப் புதைத்து, பெட்டிப் பொறி இரண்டு வாங்கிவந்தோம்.

ஆசிரியர் சொன்ன மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இது ஆந்தைக் குடும்பம்தான் என்றாலும், பகலில் வேப்பமரப் பொந்திலிருந்து உருட்டி விழித்து, “கிர்ர் கிர்ர்” என்று சண்டை போடுகிற புள்ளி ஆந்தை வேறு. அது மைனாவைவிடக் கொஞ்சம் தடித்த குட்டிப் பறவை, பூச்சியும் சின்ன எலியும் தின்னும். மலையடிவாரப் பாறைகளில் கொம்பு வைத்த மாதிரிச் சிறகு தூக்கியிருப்பது கொம்பன் ஆந்தை. எங்கள் வீட்டுக்கு வந்தது கூகை. மனிதர் வாழும் இடத்தையே தேடி வரும். கோயில் கோபுரம், பாழடைந்த மச்சு, மூடிய மில் கட்டடம், கிணற்றுப் பொந்து எல்லாம் அதற்கு வீடு. கூடு என்று ஒன்றைக் கட்டவும் கட்டாது.

அது அலறுவது யாருடைய சாவையும் சொல்ல அல்ல. ஜோடியைக் கூப்பிட, ‘இது என் எல்லை’ என்று சொல்ல. குஞ்சுகள் சீறுவது பசிக்கு அழுவது. (நம் வீட்டு அழுகைக்கு அது எவ்வளவோ தேவலை!) முதல் முட்டை இட்டதுமே தாய் அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முட்டையும் இரண்டு மூன்று நாள் தள்ளித்தான் பொரியும். அதனால்தான் எங்கள் பரணில் நாலும் நாலு அளவு. பெரியது கொழுக்கட்டை மாதிரி, சின்னது எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் மேலே.

அது சத்தமில்லாமல் பறந்ததே, அதற்கும் காரணம் இருக்கிறது. இறக்கையின் முன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நுணுக்கமான இழைகள் காற்றைச் சத்தமில்லாமல் பிளந்துவிடுகின்றன. அந்த வெற்றிலை முகம் அழகுக்கு அல்ல. முறம் மாதிரி ஒலியைக் காதுக்குத் திருப்புகிறது. இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. மேலா கீழா, இடமா வலமா என்று எலி சருகில் அசையும் சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடும். முழு இருட்டறையில் விட்டுப் பார்த்த விஞ்ஞானிகள் அங்கேயும் அது எலியைப் பிடித்ததை நிரூபித்திருக்கிறார்கள். கண்ணை நம்மைப் போல் உருட்ட முடியாது. அதற்குப் பதில் கழுத்தைத் திருப்பும். நமக்குக் கழுத்தில் ஏழு எலும்பு, அதற்குப் பதினாலு. முக்கால் வட்டம் திரும்பிவிடும். பேய் மாதிரித் தலையைச் சுற்றுகிறது என்று பயந்தோமே, அது இவ்வளவுதான்.

தொழுவத்துத் தரையில் கறுப்பாகக் கட்டை விரல் பருமனுக்கு உருண்டைகள் கிடந்தன. எச்சம் என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்தேன். “இருங்கம்மா” என்றார் ஆசிரியர். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியே கக்கிவிடும். எட்டாவது படிக்கும் என் தம்பி மகன் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குச்சியால் பிரித்தான். மூன்று எலி மண்டை, ஒரு மூஞ்சூறு மண்டை, எல்லாம் பல்லோடு! அவன் அதைத் தீப்பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போனான். (கையுறை போட்டுத் தொடச் சொல்லுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.)

குஞ்சுள்ள ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கும் என்கிறார்கள். மலேசியாவில் நம்மவர் பலர் உழைத்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில், எலிக்காகவே கம்பத்தில் மரப்பெட்டி கட்டிக் கூகையைக் குடிவைக்கிறார்கள். இஸ்ரேலில் 1980களில் பண்ணைகளில் பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள். பின்னாளில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோர்டான் விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். நம் வயல்களில் நெல் நடவு முடிந்ததும் நட்டு வைக்கிறார்களே பறவைத் தாங்கிக் குச்சிகள், அவையும் ராத்திரியில் ஆந்தைக்கு ஆசனம்தான்.

இவ்வளவும் கேட்டுத் தெளிந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அந்தத் தெளிவெல்லாம் எங்கே போயிற்றோ!

சாயந்திரத்திலிருந்தே பேத்தி பால் குடிக்காமல் சிணுங்கினாள். ராத்திரி எட்டு மணிக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் 101 காட்டியது. பெரியம்மா வந்தார். “நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல?” என்றார். மந்திரிக்கிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், காலையில் முதல் வேலையாகக் கூட்டிவருகிறேன், அதுவரை வேப்பிலையைத் தொட்டிலில் கட்டு என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தியம்மா போனில், “எதுக்கும் அதைக் கலைச்சுருங்க மதினி” என்றார். புறவாசலில் அந்த நேரம் பார்த்து ஓர் அலறல். ஆறு தடவை எண்ணிச் சிரித்தவள், என் மகள், அழுதுகொண்டே, “அம்மா, விரட்டிருவோமா?” என்று கேட்டாள்.

நானும் கம்பை எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தொழுவம் வரைக்கும் போனேன். இவர்தான், “அதை நாளைக்கும் விரட்டலாம். பிள்ளையை இப்பவே தூக்கு” என்று ஆட்டோவைக் கூப்பிட்டார்.

குழந்தை டாக்டர் தொட்டுப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “எப்போதிருந்து?” என்பதுதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டாலே காத்திருக்கக்கூடாதாம். வீட்டு மருந்து, கடை மருந்து எதுவும் கொடுக்காமல் அந்த ராத்திரியே காட்டவேண்டுமாம். அந்த வயதில் கிருமி ரத்தத்தில் பரவ ஒரு ராத்திரி போதும். பால் மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவள்வது, முனகுவது, உச்சிக்குழி உப்புவது, வலிப்பு எல்லாம் அபாயக் குறிகள். துவள்வது என்று அவர் சொன்னபோது, பெரியம்மா சொன்ன ‘கழுத்து துவண்டுரும்’ என் காதில் கேட்டது. அந்தக் காலத்தில் தோஷம் என்று சொல்லிக் கைவிட்ட எத்தனை பிள்ளைகளுக்கு இதுதானோ!

சிறுநீர்ப் பாதையில் கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து. மூன்றாம் நாளே பிள்ளை கண் விழித்துப் பால் கேட்டாள். காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சீட்டு எழுதினார்.

வீட்டில் எலி இருப்பதையும் டாக்டரிடம் சொன்னேன். அதற்குத் தனியாக ஒரு பாட்டு வாங்கினேன். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால், காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால், அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறிவிடும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு என்று ஆரம்பித்து மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு வரை போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். அன்றிலிருந்து புறவாசலில் எனக்குச் செருப்பு உண்டு. அரிசிப் பானைக்கு இறுக்கமான மூடி உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தொழுவத்துத் தரையில் சின்னக் குஞ்சு விழுந்து கிடந்தது. மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள், அது சரியில்லை. துணியால் பொத்தித் தூக்கிப் பரணில் வைத்தோம். ராத்திரியே தாய் ஊட்டியது. பாலோ சோறோ கொடுக்கக்கூடாது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லவேண்டும், வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடித்து விற்பவர்கள் இன்றும் உண்டு. வடக்கே தீபாவளி சமயத்தில் அந்த வியாபாரம் அதிகம். லக்ஷ்மிக்கு வாகனம் என்று வங்காளத்தில் கும்பிடுவதும் இதே வெள்ளைக் கூகையைத்தான். என்ன வேடிக்கை பாருங்கள்! நம் சங்கப் புலவர்களுக்கும் இது அந்நியமில்லை. கூகைக்கோழியார் என்றே ஒருவர் பெயர். நற்றிணையில் ஒரு தோழி, காதலன் வரும் ராத்திரியில் அலறிப் பயமுறுத்தாதே, நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறேன் என்று கூகைக்கு லஞ்சம் பேசுகிறாள்.

மார்கழியில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தொழுவத்து ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்து தலையை வட்டமடித்துப் பழகின. கடைசிக் குட்டியும் பறந்த அன்று, பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெருச்சாளி தோண்டிய சுவர் ஓட்டையை அடைக்க அவர் வீட்டில் மிச்சமிருந்த சிமெண்டை மட்டும் கொடுத்தனுப்பினார்.

தை பிறந்ததும் மகளையும் பேத்தியையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டு விடப் போனோம். பஸ்ஸில் அரைமணிக்குள் போய்விடலாம். வழி நெடுக மேற்கே மலை கூடவே வரும். அங்கே சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988-ல் சரணாலயம் வைத்தார்கள், 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலையும் புலியையும் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகப் பேசுவோம். அந்த மரியாதை ராத்திரிப் பறவைக்கு மட்டும் ஏனோ கிடைப்பதில்லை.

சம்பந்தி வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பால்கோவா, காப்பி எல்லாம் ஆயிற்று. பொழுது சாயும் நேரம். 192 அடிக் கோபுரம் கறுத்துக்கொண்டு வந்தது. சம்பந்தியம்மா மாடியில் பேத்தியின் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பனியில் நனைந்த துணியைக் கட்டினால் பிள்ளைக்குத் தொடை இடுக்கு வெந்துவிடும், எறும்பும் ஊறல் பூச்சியும் ஏறியிருக்கும். நிழல் என்று சொல்லியாவது அந்தக் காலத்தில் ஆறு மணிக்கு உள்ளே எடுக்க வைத்தார்களே.

நானும் மகளும் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கோபுரத்துப் பக்கமிருந்து அந்த அலறல். மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சம்பந்தியம்மா கை அப்படியே நின்றது.

“உங்க ஊர்லருந்து பின்னாலயே வந்துருச்சா மதினி?” என்றார்.

“இல்ல அத்தை, இது இந்த ஊர்க் கூகை” என்றாள் என் மகள்.

அவர் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார். கொடியில் கிடந்த கடைசித் துணியை உருவிக்கொண்டே, “நம்ம அடுப்படியிலயும் எலி தொல்லை தாங்கல. வருஷத்துக்கு எத்தனை பிடிக்கும்னு சொன்னீக?” என்று கேட்டார்.